1897-ல் அச்சான 'ஆலிஸ்': முதல் பதிப்பா?

கேள்வி: தாத்தாவின் அலமாரியில் லூயிஸ் கரோலின் 'அற்புத உலகில் ஆலிஸ்' ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை, மேக்மில்லன், லண்டன், 1897. முகப்புப் பக்கத்தில் 'எண்பத்தாறாவது ஆயிரம்' என்று இருக்கிறது. முதல் பதிப்பா? எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முதல் பதிப்பு இல்லை. 'எண்பத்தாறாவது ஆயிரம்' என்பது அதுவரை அச்சான பிரதிகளின் கணக்கு. உங்கள் பிரதிக்கு முன்பே 85,000 பிரதிகள் அச்சாகிவிட்டன.

முதல் அச்சு 1865-ல் ஆக்ஸ்போர்டில் நடந்தது, 2,000 பிரதிகள். படங்கள் சரியாக விழவில்லை என்று ஓவியர் ஜான் டெனியல் குறைசொல்ல, கரோல் விற்பனையை நிறுத்தி, ரிச்சர்டு கிளே அச்சகத்தில் மறுபடி அச்சிட வைத்தார். அச்சுச் செலவு முழுக்க அவருடையது என்பதால் நஷ்டமும் அவருக்கே. மறு அச்சு 1865 நவம்பரிலேயே வந்தாலும் அதில் போட்ட ஆண்டு 1866. கழித்துவைத்த ஆக்ஸ்போர்டு தாள்களை நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனம் வாங்கி, புது முகப்புத் தாள் சேர்த்து, அதே 1866 போட்டு விற்றது. ஆகவே 1866 என்று போட்ட இரண்டில் நியூயார்க் பிரதியின் தாள்தான் மூத்தது. ஆண்டை மட்டும் பார்த்து விலை பேசுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அதற்காக உங்கள் பிரதியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கரோல் 1898 ஜனவரியில் இறந்தார். அவரே திருத்திய கடைசிப் பாடம் இது. 1896 கிறிஸ்துமஸ் தேதியிட்ட முன்னுரையைப் புரட்டுங்கள். 'அண்டங்காக்கையும் எழுதும் மேசையும் எதில் ஒன்று?' என்ற தொப்பிக்காரரின் விடுகதைக்கு அங்கே ஒரு விடை சொல்கிறார். அதில் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை என், ஈ, வி, ஏ, ஆர் என்று எழுதியிருந்தார். திருப்பிப் படித்தால் அண்டங்காக்கை வந்துவிடும்! பிந்தைய அச்சுகளில் யாரோ அதை எழுத்துப்பிழை என்று எண்ணி நான்காவது எழுத்தை ஈ ஆக்கிவிட, வேடிக்கை போயிற்று. உங்கள் பிரதியில் அந்த எழுத்து ஏ-யா என்று பாருங்கள்.

அடுத்து, படங்களை எண்ணுங்கள். முகப்புப் படத்தையும் சேர்த்து 42 இருக்க வேண்டும். குறைந்தால் தாள் போயிருக்கிறது. அது மதிப்பைப் பெரிதும் குறைக்கும்.

பாதுகாப்பில், செய்யாமல் இருப்பதே பாதி வேலை. சிவப்புத் துணியை ஈரத் துணியால் துடைத்தால் சாயம் கலைந்து திட்டுத்திட்டாகும். உலர்ந்த மென்தூரிகை போதும். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறும், பிறகு எடுக்கவே முடியாது. பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத அட்டைப் பெட்டி வாங்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். வெயில் பட்டால் முதுகுப்புறச் சிவப்பு வெளுத்துவிடும். இராமபாணப் பூச்சி பசைக்காகவே வரும் என்பதால் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அட்டை தளர்ந்திருந்தாலும் புது பைண்டிங் போடவே வேண்டாம். அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டிவைத்தால் போதும்.

விற்கும் எண்ணம் இருந்தால் முகப்புப் பக்கம், முன்னுரை, அட்டையின் இரு பக்கங்கள், முதுகு, கடைசிப் பக்கத்து அச்சகப் பெயர் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அரிய நூல் விற்பனையாளர் இருவருக்காவது அனுப்பி விலை கேளுங்கள். தாத்தாவின் கையெழுத்து உள்ளே இருந்தால் அழிக்காதீர்கள்.