வாடகையை விடுங்கள் தம்பி, மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அடுத்த மாதம் நியூ ஜெர்சிக்குக் கிளம்புவதாக எழுதியிருந்தீர்கள். வாடகை எவ்வளவு, கார் உடனே வேண்டுமா, சளி மாத்திரை ஊரிலிருந்து அள்ளி வரலாமா, உடம்பு குறைக்கிற மாத்திரை அங்கே தரமாகக் கிடைக்குமாமே என்று நாலு கேள்வி. வாடகைக்கும் காருக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் விற்றால் சோதித்துத்தான் விற்பார்கள் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. சத்து மாத்திரை, மூலிகை மாத்திரை, எடை குறைக்கும் பவுடர் இதெல்லாம் 1994-ல் வந்த ஒரு சட்டப்படி உணவு வகையில் சேரும். பாதுகாப்பானது என்று எஃப்.டி.ஏ.விடம் (அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கண்காணிப்புத் துறை) முன்கூட்டியே நிரூபித்து ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 'இதை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை' என்று பொடி எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். ஆள் விழுந்த பிறகுதான் இங்கே வக்கீல் வருவார். நெடுஞ்சாலை ஓரப் பலகையிலும் ராத்திரி டிவியிலும் 'இந்த மாத்திரை சாப்பிட்டவரா, உடனே கூப்பிடுங்கள்' என்று கூவுவார், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு.

நான் வந்தது 1999-ல். ஒரே வீட்டில் நாலு பெண்கள், ஹீட்டர் பாதி நாள் ஓடாது. அதில் விஜயவாடாப் பெண் ஒருத்தி, கல்யாணத்துக்கு முன்னால் இளைக்க வேண்டும் என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு பசியடக்கும் மாத்திரையும் கடுங்காப்பியும் குடிப்பாள். ஜனவரியில் சளி பிடித்ததும் அதோடு ஒரு சளி மாத்திரையும் சேர்ந்தது. மூன்றாம் நாள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, பின்மண்டையை அழுத்தியபடி, கண் தெரியவில்லை அக்கா என்றாள். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டர் இரண்டு அட்டைப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகத்தால் ஒரே வரியைக் காட்டினார்: பினைல்புரொபனோலமின். இரண்டிலும் அதே சரக்கு! மூலிகைகூட இல்லை, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைத்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து மறுபடியும் மயங்கினாள்.

அடுத்த வருடம், 2000 நவம்பரில், அந்தப் பினைல்புரொபனோலமினை விற்காதீர்கள் என்று எஃப்.டி.ஏ. கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. யேல் பல்கலைக்கழக ஆய்வில், பசியடக்க அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு அபாயம் சுமார் 16 மடங்கு என்று வந்திருந்தது. வழக்குகள் குவிந்து சியாட்டில் ஃபெடரல் கோர்ட்டில் ஒன்றாகச் சேர்த்தார்கள். நம் நாட்டில் தடை அறிவிப்பு வர 2011 ஆனது.

அப்புறம் எஃபெட்ரா. இது மூலிகைதான், சீனர்கள் மா ஹுவாங் என்பார்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர் ஸ்டீவ் பெக்லர், 23 வயது, 2003 பிப்ரவரியில் ஃபுளோரிடா பயிற்சியில் வெப்பம் தாக்கிச் சுருண்டு விழுந்து இறந்தார். எஃபெட்ரா கலந்த எடை குறைக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தார். எஃபெட்ரா மாத்திரை விற்ற மெட்டபோலைஃப் என்ற கம்பெனியிடம் 13,000க்கு மேல் புகார்கள் கிடந்தது அதற்கு முந்தைய வருடமே வெளியில் வந்துவிட்டது. தடை 2004 ஏப்ரலில்தான். 2005-ல் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது.

மூலிகைதானே, என்ன செய்யும் என்று என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கு ஊர் இளம்பிள்ளை. அமாவாசைக்கு அமாவாசை கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போன குடும்பம். எந்த வேரைத் தொடலாம், எதைத் தொட்டால் கை வெந்துபோகும் என்று எங்கள் ஆத்தாவுக்குத் தெரியும். அவர் யாருக்கும் டப்பாவில் அடைத்துக் கொடுத்ததில்லை. இங்கே பொங்கல் விழாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, 'அண்ணி, நான் பத்து கிலோ குறைந்தேன், நீங்களும் சேர்ந்து நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள்' என்று பவுடர் விற்கிற நம் ஆட்கள் இருக்கிறார்களே, படித்தவர்கள்தான், இரண்டு வீடு வாங்கியவர்கள்தான். உங்களையும் பிடிப்பார்கள். சாம்பார் சாதத்தோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுங்கள்.

சரி, சளிக்கு. டோலோ ஒரு அட்டை கொண்டு வாருங்கள், மூட்டை வேண்டாம். இங்கே அசிட்டமினோஃபென் என்று போட்டிருப்பது அதே பாராசிட்டமால்தான். நைக்வில் என்கிற இரவு நேரச் சளி சிரப்பில் ஒரு வேளைக்கே 650 மில்லிகிராம் இருக்கிறது. அதன்மேல் டோலோவும் போட்டால் கல்லீரல்தான் கணக்கு வைக்கும், ஒரு நாளைக்கு மொத்தம் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிமசுலைட் என்ற வலி, காய்ச்சல் மருந்து கலந்த மாத்திரையை மெடிக்கல்காரர் நீட்டினால் வாங்காதீர்கள், இங்கே அதற்கு அனுமதியே கிடையாது. மூக்கடைப்புக்கு அலமாரியில் இருக்கும் பினைலெஃப்ரின் மாத்திரையும் வீண். வாய்வழியாகச் சாப்பிட்டால் பலனில்லை என்று 2023-ல் எஃப்.டி.ஏ. ஆலோசனைக் குழுவே சொல்லிவிட்டது. உருப்படியான சூடோஎஃபெட்ரின் கவுன்டருக்குப் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். திருடனைப் போலப் பார்ப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் இருந்தால் அதையும் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே பார்மசிஸ்டைக் கேளுங்கள், காசு வாங்க மாட்டார். தவறி எதையாவது கூடுதலாக விழுங்கிவிட்டால் 1-800-222-1222, விஷ முறிவு உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போனில் போட்டு வையுங்கள்.