மோசமான பதினொருவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் நண்பர்கள் சிலரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள். கூடும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நாங்கள் பார்த்த காலத்தில் அந்த அணிக்கு ஆடியவர்களிலேயே மிக மோசமான பதினொருவரைத் தேர்ந்தெடுப்போம். மற்ற இடங்களுக்கு மணிக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும். இடது பேக், அதாவது இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரர் இடத்துக்கு மட்டும் பேச்சே இருக்காது, ஜிமி ட்ரவோரே என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவோம். சென்ற மாதம் புதிதாக எங்களோடு சேர்ந்த ஓர் இளைஞர், "ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் இறுதியாட்டம் முழுவதும் ஆடிக் கோப்பை வென்றவரை எப்படி மோசமானவர் என்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த விளையாட்டே எனக்கு உறுத்துகிறது. உழைத்து ஆடிய மனிதர்களை இத்தனை ஆண்டுகள் கழித்தும் பெயர் சொல்லிச் சிரிப்பது சரிதானா? இதில் இருப்பது அன்பா, இளக்காரமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த இளைஞரின் கேள்விக்கான பதில் ஒரே பருவத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களில் இருக்கிறது. இரண்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதில் பாதியைத் தொலைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

2005 ஜனவரி 18 அன்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில், அப்போது இரண்டாம் நிலை லீகில் இருந்த பர்ன்லியின் மைதானத்துக்கு லிவர்பூல் சென்றது. இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் தாழ்வான ஒரு பந்து கோல்முகத்தைக் கடந்து வந்தது. அதை எங்காவது உதைத்து அனுப்பியிருந்தால் அந்த நொடியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ட்ரவோரே பந்தைப் பாதத்தால் இழுத்து, உடலைத் திருப்பி, நிதானமாக வெளியே கொண்டுவர முயன்றார். பந்து அவர் காலோடு சேர்ந்து உருண்டு சொந்த வலைக்குள் போய்விட்டது. ஆட்டத்தின் ஒரே கோல் அந்தச் சேம்சைடு கோல்தான். லிவர்பூல் கோப்பையிலிருந்து வெளியேறியது.

நான்கு மாதம் கழித்து, மே 25 அன்று, இஸ்தான்புல்லில் இத்தாலியின் ஏசி மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். முதல் நிமிடத்திலேயே ட்ரவோரே மிலானின் ககாவை விதிமீறித் தடுத்ததற்காக ஃப்ரீ கிக் கொடுக்கப்பட்டது. பிர்லோ அனுப்பிய பந்தை மால்டினி கோலாக்கினார். இடைவேளையின்போது மிலான் 3–0 என்று முன்னணியில் இருந்தது. உடைமாற்றும் அறையில் மேனேஜர் பெனிடெஸ், ட்ரவோரேயை வெளியே எடுத்துவிட்டு ஹாமனை இறக்க முடிவுசெய்தார். ட்ரவோரே காலணிகளைக் கழற்றிவிட்டார். அதற்குள் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரரான ஃபினனால் காயத்தோடு தொடர்ந்து ஆட முடியாது என்று மருத்துவக் குழு சொல்ல, முடிவு மாறியது. ஃபினன் வெளியேறினார், குளிக்கப் போகவிருந்தவர் மறுபடியும் காலணிகளை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பினார். ஆறே நிமிடங்களில் லிவர்பூல் மூன்று கோல்களைத் திருப்பிப் போட்டதை எல்லோரும் சொல்வார்கள். அதற்குச் சுமார் பத்து நிமிடத்துக்குப் பிறகு, மிலானின் ஷெவ்சென்கோ அடித்த பந்து லிவர்பூல் கோல்கீப்பர் டுடெக்கின் கையிலிருந்து நழுவிக் கோல்கோட்டை நோக்கி ஓடியபோது, கோட்டருகில் நின்று அதை உதைத்து விலக்கியவர் ட்ரவோரே. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் மிலான் மீண்டும் முன்னணிக்கு வந்திருக்கும். லிவர்பூலுக்குக் கோப்பையைத் தந்த பெனால்டிகள் வரை ஆட்டம் போயிருக்குமா என்பதே சந்தேகம்.

பர்ன்லியிலும் சரி, இஸ்தான்புல்லிலும் சரி, நின்றது அதே மனிதர், அதே கோல்கோடு. ஒருவரின் திறமையை முழுதாக அளந்து பார்த்து ரசிகர்கள் 'மோசமானவர்' பட்டத்தைக் கொடுப்பதில்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பந்து தந்த அவமானம் நெஞ்சில் தைத்துவிடுகிறது. அதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. சுமாராக ஆடிவிட்டுப் போன நூறு பேரின் பெயரை நீங்களே மறந்திருப்பீர்கள். அவர்களில் பலர் ட்ரவோரேயைவிடக் குறைந்த ஆட்டக்காரர்களாகவும் இருக்கக்கூடும்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுபவர் லூதர் பிளிசெட். 1982–83 பருவத்தில் வாட்ஃபோர்டு அணிக்காக 27 கோல்கள் அடித்து, இங்கிலாந்தின் முதல் நிலை லீகிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். அந்தப் பருவத்தில் வாட்ஃபோர்டு இரண்டாம் இடம் பெற்றது. 1983 இல் ஏசி மிலான் அவரை வாங்கியது. இத்தாலிய லீகில் 30 ஆட்டங்களில் 5 கோல்களே அவரால் போட முடிந்தது. மறு ஆண்டே வாட்ஃபோர்டுக்குத் திரும்பிவிட்டார். மிலான் ரசிகர்களின் மோசமானவர்கள் பட்டியலில் அவர் பெயர் இன்றும் வருகிறது. வாட்ஃபோர்டிலோ 503 ஆட்டங்கள் ஆடி, 186 கோல்கள் அடித்து, அந்த கிளப்பின் இந்த இரண்டு சாதனைகளையும் வைத்திருப்பவர் அவர்தான். அந்தக் காலத்து இத்தாலியத் தற்காப்பு எத்தனை இறுக்கமானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அதே பருவத்தில் அங்கே அதிக கோல் அடித்த பிளாட்டினியே 20 கோல்களைத்தான் எட்டினார்.

பிளிசெட் விஷயத்தில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. மிலான் வாங்க நினைத்தது அவரது சக ஆட்டக்காரர் ஜான் பார்ன்ஸை என்றும், ஆள் மாறிப்போய்விட்டது என்றும் ஒரு கதை நாற்பது ஆண்டுகளாக உலவுகிறது. பார்ன்ஸ் பக்கவாட்டில் ஓடி ஆடுபவர். பிளிசெட் ஒரு நாட்டின் லீகிலேயே அதிக கோல் அடித்த முன்கள ஆட்டக்காரர். இருவரும் கறுப்பினத்தவர் என்பதைத் தவிர இந்தக் குழப்பத்துக்கு வேறு எந்த அடிப்படையும் இல்லை. இப்படிப்பட்ட கதையைச் சொல்லிச் சிரிப்பவர் கால்பந்தைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் இளக்காரம் என்ற சொல்லை இந்த இடத்தில் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மாசிமோ தைபியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1999 இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பராக அவர் ஆடியது 4 லீக் ஆட்டங்கள் மட்டுமே. சவுத்தாம்ப்டனின் லெ டிஸியே அடித்த வலுவில்லாத பந்து அவர் கால்களுக்கு நடுவே புகுந்து மெல்ல உருண்டு கோட்டைக் கடந்த காட்சியை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். 2001 இல் இத்தாலியின் ரெஜினா அணிக்காக உடினேசிக்கு எதிராக அதே தைபி முன்னே ஓடிவந்து தலையால் முட்டிச் சமன்செய்த கோலை, ரெஜினா ரசிகர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பட்டியல்களில் எப்போதும் முதலில் நிற்கும் அலி டியாவை நான் அதில் சேர்ப்பதே இல்லை. 1996 இல், புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜார்ஜ் வேயா பேசுவதாகச் சொல்லிச் சிபாரிசு செய்த ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி, சவுத்தாம்ப்டன் மேனேஜர் சூனெஸ் டியாவை ஒரு மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பதற்காக வைத்திருந்த இரண்டாம் அணியின் ஆட்டம் மழையால் நின்றுபோனது. நவம்பர் 23 அன்று லீட்ஸுக்கு எதிராக லெ டிஸியே காயமடைந்ததும் 32 ஆவது நிமிடத்தில் டியா இறக்கப்பட்டார். ஆட்டம் முடிவதற்குள் அவரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த அழைப்பின் பின்னால் யார் இருந்திருந்தாலும், சோதித்துப் பார்க்காமல் ஓர் ஆளை பிரீமியர் லீக் ஆட்டத்தில் இறக்கியது கிளப்தான். செல்சி 2000 இல் வின்ஸ்டன் போகார்டுக்கு நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு 9 லீக் ஆட்டங்களில் மட்டுமே ஆடவைத்ததற்கும் இதே நியாயம்தான் பொருந்தும். கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் பதவி மாறிப் போய்விடுகிறார்கள். எல்லோர் கண்முன்னும் ஓடியவர் மட்டும் பெயரோடு மாட்டிக்கொள்கிறார்.

அதற்காக உங்கள் விளையாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வெற்றிபெறும் ஆண்டுகளில் வந்து சேர்ந்தவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தோற்ற ஆண்டுகளிலும் அணியைவிட்டுப் போகாமல் ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தவருக்குத்தான் தெரியும். ட்ரவோரே என்று நீங்கள் ஒரே குரலில் சொல்லும்போது அதில் ஒரு நெருக்கம் இருப்பதை என்னால் கேட்க முடிகிறது. வீட்டில் ஒருவர் செய்த தவறைப் பல ஆண்டு கழித்து அவரை வைத்துக்கொண்டே பேசுவதைப் போன்றது அது. அவரே வந்து உங்கள் நடுவில் உட்கார்ந்தால் அதே வார்த்தைகளை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று நினைத்துப் பாருங்கள். ட்ரவோரேயின் விஷயத்தில் முடியும் என்றே எனக்குப் படுகிறது, இஸ்தான்புல்லையும் சேர்த்துச் சொல்வீர்கள் என்றால்.

எனவே இடது பேக்கை மாற்ற வேண்டாம். அடுத்த முறை கூடும்போது அந்த இளைஞருக்கு முதலில் பர்ன்லி கோலைக் காட்டுங்கள். பிறகு இஸ்தான்புல் ஆட்டத்தை, மூன்று கோல்களோடு நிறுத்திவிடாமல், டுடெக்கின் கையிலிருந்து பந்து நழுவும் நொடிவரை ஓடவிடுங்கள். அதற்கு முன் உடைமாற்றும் அறையில் நடந்ததை நீங்களே அவருக்குச் சொல்ல வேண்டும். காலணிகளைக் கழற்றியவர் திரும்ப மாட்டிக்கொண்டு வந்ததை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை.