பில் இல்லாத ஜப்பான் ஆம்ப்ளிஃபையரை வாங்கலாமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"அண்ணாச்சி, அப்பா விட்டுப்போன இசைத்தட்டு நூற்றுச் சொச்சம் இருக்கு. பாதிக்குமேல் நாகஸ்வரம். காருக்குறிச்சியார் தட்டுன்னா எனக்கு உசிரு. பழைய ஆம்ப்ளிஃபையர்ல இடது பக்கம் சத்தம் திடீர்னு அமுங்கிடுது. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினா திரும்ப வந்துடுது. புதுசே வாங்கிடலாம்னு பாத்தா, மதுரையிலேர்ந்து ஒருத்தர் பெரிய கம்பெனி ஜப்பான் செட்டு ஒண்ணு 1,40,000 ரூபாய்க்குத் தாரேங்காரு. அதே மாடல் கடையில இரண்டரை லட்சம். பில் கிடையாது. 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இனாமாம். 10,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணிட்டேன். என் ஸ்பீக்கர் 8 ஓம், 86 டெசிபல். பட்டாசல் (கூடம்) 12-க்கு 18 அடி. இந்த விலைக்கு அது தகுமா?"

தகாது, சார். அந்தச் செட்டை வாங்க வேண்டாம். கம்பெனி நல்ல கம்பெனிதான், ஆம்ப்ளிஃபையரும் நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரப்போவது வேறு தேசத்து மின்சாரத்துக்குச் செய்த பெட்டி. அது பழுதானால் கேட்க ஆளும் கிடையாது.

முதலில் அந்த இனாம் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்போம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், 110 அல்ல. அந்த நாட்டுக்கென்றே செய்த செட்டின் பின்பக்கம் 100 என்றுதான் போட்டிருக்கும். நம்மூர் லைன் 230. சந்தையில் கிடைக்கும் 110 வோல்ட் பெட்டி, 230 உள்ளே போனால் 110 வெளியே தரும். ராத்திரி பதினொரு மணிக்குமேல் ஊர் அடங்கி லைன் 250-க்கு ஏறினால் அதே பெட்டி 120 தரும். ஆக 100-க்குச் செய்த செட்டுக்குள் 120 போகிறது. முதல் நாள் பிரமாதமாகப் பாடும். இரண்டு மணி நேரம் கழித்து மேல்மூடியில் உள்ளங்கையை வைத்தால் எடுத்துவிடத் தோன்றும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கபாசிட்டர்கள் இவ்வளவு வோல்ட்தான் தாங்கும் என்று அளந்து போட்டவை. நாளும் அந்த எல்லையை முட்டிக்கொண்டு நின்றால் தலை உப்பி, ஒரு நாள் சீறும். அப்படிச் சீறிய செட்டுகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். பழைய மீன் வாடைபோல ஒரு நாற்றம் வரும். அது மூக்கை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். கொண்டுவருகிறவர் கடைக்காரரும் அல்ல, இறக்குமதியாளரும் அல்ல. வெளிநாட்டில் பழைய சரக்காக வாங்கி, துடைத்து மினுக்கி, கண்டெய்னரில் வருவதை எங்கோ ஒரு குடோனிலிருந்து எடுத்துக் கைமாற்றிவிடுகிற ஆள். "தூக்கிப் பாருங்க சார், வெயிட்டைப் பாருங்க" என்பார்கள். எடை டிரான்ஸ்ஃபார்மரின் எடை. அது நல்ல குணம்தான். ஆனால் இருபது வருஷம் உழைத்த செட்டும் அதே எடைதான் இருக்கும். அட்டைப்பெட்டி புதிதாக இருப்பதைக் காட்டுவார்கள். அட்டைப்பெட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. முறையாக இறக்குமதியாகி இந்தியாவில் விற்பனைக்கு வரும் பெட்டியின்மேல் இறக்குமதியாளரின் பெயர், விலாசம், அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருஷம், புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும். அது சட்டம். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் அடுத்த பேச்சுக்கே போகாதீர்கள். இருந்தால், செட்டின் பின்பக்கம் பொறித்த வரிசை எண்ணும் பெட்டிமேல் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு கம்பெனிக்கே போன் போட்டு அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. இரண்டரை லட்சம் செலவழிக்கிறவர்கள் இந்த அஞ்சு நிமிஷத்தைச் செலவழிக்க மாட்டேன் என்கிறார்கள்.

பில்லோடு வாங்கினால் மட்டும் நிம்மதியா என்று கேட்பீர்கள். அங்கேயும் எனக்கு ஆற்றாமைதான். இத்தனை லட்சத்துக்கு விற்கிற கம்பெனிகள் தாமிரபரணிக் கரையில் ஒரு சர்வீஸ் ஆளை வைப்பதில்லை. சென்னைக்கு அனுப்பு என்பார்கள். 18 கிலோ பெட்டியை தெர்மாகோல் வைத்துக் கட்டி லாரி ஆபீசில் போட்டு, அது போய்ச் சேர்ந்து, "பார்ட் வரணும்" என்ற பதில் வந்து, மூன்று மாதம் காத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். போன வருஷம் ஒருவர் லட்ச ரூபாய்க்குமேல் கொடுத்து முறையாக வாங்கிய செட்டு நின்றுபோனது. அனுப்பினார். உள்ளே பல்லி விழுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மேசையில் திறந்தபோது, காய்ந்த பல்லி ஒன்று பவர் டிரான்சிஸ்டர் கால்களுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தது. வால் ஒரு காலில், தலை இன்னொரு காலில். அதன் கீழே போர்டு கருகி ஓட்டை விழுந்திருந்தது. பல்லி இல்லாத வீடு நம் பக்கம் எங்கே இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டுதானே இங்கே விற்க வர வேண்டும்! ஆகவே வாங்குமுன் கடைக்காரரிடம் வாரண்டி எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். பழுதானால் செட்டை யார் எடுத்துப் போவது, லாரிச் செலவு யாருடையது, பூச்சி, பல்லி, மின்னலுக்கு உண்டா இல்லையா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்த விஷயத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். நம் பக்கத்தில் மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் என்று வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் உண்டு. மகனோ மருமகனோ அங்கே கடையில் புதிதாக வாங்கிக் கொண்டுவந்தால் கதை வேறு. துபாய், சிங்கப்பூர் இரண்டிலும் மின்சாரம் நம்மைப் போலத்தான், 230 வோல்ட்டை ஒட்டி, 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியே வேண்டாம், பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் வாங்குமுன் செட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருக்க வேண்டும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. 60-க்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் நம் 50-ல் கூடுதலாகச் சுடும். கடை ரசீது வேண்டும். விமான நிலையத்தில் சுங்கவரி கேட்டால் கட்டிவிட்டு அந்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எடை 15, 20 கிலோ வரும் என்பதால் ஒருவருக்கு அனுமதித்த சாமானில் பெரும்பகுதி அதுவே தின்றுவிடும். மூல அட்டைப்பெட்டியிலேயே, உள்ளே உள்ள தெர்மாகோலைக் கழற்றாமல் வர வேண்டும். இங்கே வாரண்டி செல்லாது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும். விலை இங்கத்ததைவிட மூன்றில் ஒரு பங்காவது குறைந்தால்தான் இந்தப் பாடு தகும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் மிச்சத்துக்குப் பிள்ளையைச் சுமக்க வைக்காதீர்கள்.

சரி, முறையாகவே வாங்கினால் இரண்டரை லட்சத்துக்கு என்ன கிடைக்கும்? பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கனத்த அலுமினிய முகப்பு, வெண்ணெய்போல் சுழலும் வால்யூம் குமிழ், மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்து அடம்பிடிக்கிற 4 ஓம் ஸ்பீக்கரையும் சளைக்காமல் ஓட்டும் தெம்பு, பாட்டு நின்ற இடத்தில் இரைச்சலே இல்லாத அமைதி. கையால் தொட்டு ரசிக்கிற பொருள் அது. அந்த ஆசைக்கு வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் காருக்குறிச்சியார் நாகஸ்வரம் கூடுதலாகக் கேட்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். காருக்குறிச்சி அருணாசலம் மறைந்தது 1964-ல். அன்றைய மைக் எதைப் பிடித்ததோ அதுதான் தட்டில் இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையரும் அதைத்தான் எடுத்துத் தரும், நாலு லட்சமும் அதைத்தான். அந்தத் தட்டுக்கு உண்மையில் உயிர் கொடுப்பது ஊசி. உங்கள் பிளேயரில் ஊசி மாற்றி எத்தனை வருஷமாச்சு? நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளும் இருந்தால் அவற்றுக்கு அகலமான ஊசி தனியாக வேண்டும். எல்.பி. என்கிற நீண்ட நேரத் தட்டுக்கான ஊசியை அதில் வைத்தால் தட்டின் அடியைச் சுரண்டிக்கொண்டு ஓடும். வாங்குகிற ஆம்ப்ளிஃபையரில் தட்டு பிளேயருக்கென்று ஃபோனோ என்று எழுதிய இன்புட் இருக்க வேண்டும். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஆக்ஸ் என்ற சாதாரண இன்புட்டில் சொருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

வாட் கணக்கு. கோவில் கொடைக்கு வைக்கிற ரேடியோ செட்டை வைத்து வீட்டுக்குக் கணக்குப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அது குழாயை வேப்பமரத்தில் கட்டி மூன்று தெருவுக்குக் கேட்க வைக்கிற வேலை. உங்கள் பட்டாசலில், 86 டெசிபல் (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம்) ஸ்பீக்கரில், பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 1 வாட்டிலேயே பேச்சுக்குரலைவிடப் பலமாகக் கேட்கும். தவிலில் ஓங்கி ஒரு அடி விழும் கணத்துக்கு 30, 40 வாட் வேண்டியிருக்கும். ஆகையால் சானலுக்கு, அதாவது இடது வலது ஒவ்வொரு பக்கத்துக்கும், 50 வாட் நேர்மையாகத் தருகிற செட்டு உங்களுக்குத் தாராளம். 50-லிருந்து 100-க்குப் போனால் சத்தம் இரட்டிப்பதில்லை, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 1978-ல் வந்து உலகமெங்கும் பேர் வாங்கிய என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபையருக்கு எழுத்தில் சானலுக்கு 20 வாட்தான்.

கடையில் போட்டுக் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை கூடிய செட்டுக்கு மாற்றும்போது வால்யூமை ஒரு சொட்டு ஏற்றிவிடுவார்கள். சற்றே பலமாகக் கேட்பது காதுக்கு எப்போதும் நல்லதாகவே படும். ரிமோட்டை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயர் என்று இருபதாயிரம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உங்கள் தூரத்துக்குப் போதும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு போட்ட டியூப் செட்டு பற்றி யாராவது பேச்செடுத்தால் உங்களுக்கு அது வேண்டாம்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரிக்கு வருகிறேன். "இடது பக்கம் அமுங்கிடுது, வால்யூமைக் கூட்டினா திரும்ப வந்துடுது." செட்டைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி கழித்து உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அது ரிலே. ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் திறக்கிற சின்னச் சதுரப் பெட்டி. வருஷக்கணக்கில் அதன் முனைகளில் கறுப்புப் படியும். மெல்லிய சத்தத்தில் மின்சாரம் அந்தக் கறுப்பைத் தாண்டாது. கூட்டினால் தாண்டிவிடும். நீங்கள் சொல்லும் அடையாளம் அச்சாக அதுதான். புது ரிலே போடக் கூலியோடு ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குமேல் ஆகக் கூடாது. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடலாம். இதைச் சொல்லாமல் "போர்டே போச்சு சார், புதுசு வாங்கிருங்க" என்று அனுப்புகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தால் ரிலேயைச் சுரண்டித் தேய்த்து ஒரு மாதத்துக்கு ஓட்டிவிட்டும் காசு வாங்குவார்கள். புது ரிலேதான் போட வேண்டும் என்று சொல்லி, பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

அது சரியான பிறகும் ஆசை மிச்சமிருந்தால், முதல் செலவு மின்சாரத்துக்கு. ஒரு மல்டிமீட்டர் வாங்கி மூன்று நாள் காலை, சாயங்காலம் ஏழு மணி, ராத்திரி பதினொன்று என்று லைனை அளந்து எழுதி வையுங்கள். 190-க்கும் 250-க்கும் ஆடினால் ஸ்டெபிலைசர் இல்லாமல் எந்தச் செட்டையும் சொருகாதீர்கள். மின்வாரியத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு லைன் திருந்தும் என்று காத்திருந்தால் இரண்டு ஐப்பசி போய்விடும். எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குக் கம்பியே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். ஸ்டாண்ட்பையில் விட்டுவிடாதீர்கள். அந்த இளஞ்சூட்டைத் தேடித்தான் பல்லி போகிறது. பல்லிக்குப் பயந்து மேல்மூடியைத் துணியால் மூடினால் செட்டு வெந்துவிடும். இசை ஓடாதபோது, சூடு ஆறிய பிறகு மூடுங்கள்.

அட்வான்ஸ் விஷயம். அந்த ஆளிடம் போனில் வாதாட வேண்டாம். "பில்லும் இறக்குமதி ஸ்டிக்கரும் இருந்தால் வாங்குகிறேன், இல்லையென்றால் 10,000-ஐத் திருப்பி அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள். ஜிபே ரசீதையும் அவர் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். தராமல் இழுத்தடித்தால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திருநெல்வேலி ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. பழைய செட்டை மட்டும் இந்த வாரமே யாரிடமாவது திறந்து காட்டுங்கள். திறக்குமுன் பிளக்கை உருவி அரைமணி நேரம் விடச் சொல்லுங்கள். உள்ளே கபாசிட்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும்.