கேள்வி–பதில்: கேஸ் பார்க்கப் போகும் முன்

கேள்வி: எம்.எஸ்ஸி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் மருத்துவமனைப் பயிற்சி. நெறிமுறை என்று ஒரு பேப்பர் எழுதியதோடு சரி. எங்கள் பக்கம் பாதிப் பேர் சொந்தம். தெரிந்தவரே எதிரே வந்து உட்கார்ந்தால்?
– ஈரோடு மாணவி

பதில்: வருவார் என்றே வைத்துத் தயாராகுங்கள். நம்மூரில் உட்கார்ந்ததும், "எந்த ஊருங் கண்ணு? யார் வீட்டுப் புள்ளை?" என்பார்கள். பதிலை நீட்டினால் அரை நிமிடத்தில் அவர் உங்கள் பெரியப்பாவுக்குப் பங்காளி ஆகிவிடுவார். அப்புறம் குடி, கடன், வீட்டுச் சண்டை எதுவும் வாயில் வராது. ஊர்ப் பெயரோடு நிறுத்திப் பேச்சை அவர் பக்கம் திருப்புங்கள். தோழியை எதிரே உட்காரவைத்துப் பத்துத் தடவை பேசிப் பார்த்தால்தான் இது வசப்படும்.

உறவு, பக்கத்து வீடு, அப்பாவோடு நூல் வரவுசெலவு, வட்டிப் பணம் என்று ஏதாவது இருந்தால், ஃபைலைப் பிரிக்கும் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லி வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள். படித்துவிட்டு மாற்றுவது மாற்றாததற்குச் சமம். அவர் மருத்துவமனைக்கு வந்தார் என்பதைக்கூட வீட்டில் சொல்லக் கூடாது. நீங்கள் பார்க்கும் ஒருவர் கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால், அவராகப் பேசினால் மட்டும் பேசுங்கள். இதை முதல் நாளே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் "படிச்ச திமிரு" என்றாகிவிடும்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது, "நீங்க சொல்றது யாருக்கும் போகாதுங்க" என்று மொட்டையாக வாக்குக் கொடுப்பதில். நீங்கள் மாணவி, கேஸைச் சூப்பர்வைசரிடம் சொல்வீர்கள், உங்களிடம் பேச மறுத்தாலும் சிகிச்சை குறையாது: இவை முதலில். பிறகு விதிவிலக்குகள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவில் இரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு என்றால் தேவையான அளவுக்கு மட்டும் வெளியே சொல்ல இடம் தருகிறது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாணவர் என்பதால் விலக்கு கிடையாது.

கேள்வி: வகுப்பில் கேஸ் பிரசன்டேஷன் செய்யும்போது பெயரை மாற்றினால் போதாதா?
– திருப்பூர் மாணவர்

பதில்: "52 வயது, பெருமாநல்லூர் பக்கம், 12 தறி, மகன் கனடாவில், மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டில்." வாசித்துப் பாருங்கள். வகுப்பில் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தால் ஆள் யாரென்று சொல்லிவிடுவார். "ஐம்பதுகளில், சொந்தத் தொழில், குடும்பத்தில் பிணக்கு" போதும். கடனால் தூக்கம் போனது என்றால் கடனைச் சொல்லுங்கள், தறியை எண்ண வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் கேஸைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். ஃபைலைப் போனில் படமெடுக்கவும் கூடாது. வீட்டில் கேலரியைத் தள்ளிப் பார்க்கும் தம்பி கண்ணில் பட்டால் முடிந்தது.

கேள்வி: சிகிச்சைக்கு வருபவர் தோட்டத்து இளநீர் ஒரு மூட்டை கொண்டுவந்தால் வாங்கலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஒன்றை அங்கேயே குடியுங்கள், மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிக் குறிப்பிலும் எழுதுங்கள். பணம், சேலை என்றால் கையே நீட்டாதீர்கள்.