டெலவேரில் பதிவு, டெக்சாஸில் நண்பர்: எந்த மாநிலத்துக்கு என்ன தாக்கல்?

கேள்வி: நானும் என் நண்பரும் நியூ ஜெர்சியில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். பதிவு செய்தது டெலவேரில். நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒன்பது பேரிடம் 'சேஃப்' ஒப்பந்தம் (இப்போது பணம், பின்னால் பங்கு என்ற ஏற்பாடு) போட்டு 2,60,000 டாலர் வாங்கியிருக்கிறோம். ஏழு பேர் பழைய நண்பர்கள். இரண்டு பேர் எங்கள் ஊர்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தியைப் பார்த்து வந்தவர்கள். திருச்சியில் இருக்கும் சித்தப்பாவும் பணம் தருவதாகச் சொல்கிறார். இப்போது டெலவேர் 85,165 டாலர் வரி கேட்கிறது. பங்கே கொடுக்காத நிலையில், மற்ற மாநிலங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தொகை. அதைப் பார்த்தவுடனே தெரிகிறது, உங்கள் பதிவுப் பத்திரத்தில் ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி இருக்கிறது. முதல் 10,000 பங்குகளுக்கு 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000 பங்குக்கும் 85 டாலர் என்று பெருக்கினால் சரியாக 85,165 வரும். ஆனால் டெலவேரே இன்னொரு கணக்கு முறையையும் அனுமதிக்கிறது. மொத்தச் சொத்து மதிப்பை நீங்கள் உண்மையில் வெளியிட்ட பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துப் போடும் கணக்கு அது. உங்களிடம் 3 லட்சம் டாலர் சொத்தும், நிறுவனர்களான உங்கள் இருவர் பெயரில் வெளியிட்ட பங்குகள் 80 லட்சமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வரி 400 டாலர்தான். ஆண்டறிக்கைக் கட்டணம் 50. இரண்டையும் மார்ச் 1-க்குள் கட்ட வேண்டும். தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் ஒன்றரை சதவீத வட்டி. பங்குகளை வெளியிடவே மறந்துவிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. பங்குகளை வெளியிட்ட இயக்குநர் குழுத் தீர்மானம் எங்கே என்று இன்றே தேடிப் பாருங்கள்.

பயப்பட வேண்டிய இடம் இதுவல்ல. டெலவேர் பார்ப்பது உங்கள் வீட்டுக்குள் நடப்பதை: இயக்குநர்களின் கடமை, பங்குதாரர் உரிமை, வாக்கு. பணம் வாங்கியதைக் கேள்வி கேட்பது, பணம் கொடுத்தவர் வசிக்கும் மாநிலம். 1911-இல் கான்சாஸ் தொடங்கிவைத்த இந்த மாநிலச் சட்டங்களை 'ப்ளூ ஸ்கை' சட்டங்கள் என்பார்கள். நீல வானத்தைக் கூறுபோட்டு விற்கும் மோசடிக்காரர்களைத் தடுக்க வந்தவை. 'பங்கே கொடுக்கவில்லையே' என்கிறீர்கள். சேஃப் ஒப்பந்தமும் சட்டத்தின் கண்ணில் முதலீட்டுப் பத்திரம்தான்.

மூன்று மாநிலங்களிலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தால் யாரும் தொழில் தொடங்க முடியாது. 1996-இல் வந்த மத்திய சட்டம், '506' என்ற தனியார் முதலீட்டு விதியின் கீழ் திரட்டும் பணத்துக்கு மாநிலப் பதிவிலிருந்து விலக்கு தந்தது. மாநிலங்களுக்கு மிஞ்சியவை மூன்று: அறிவிப்பு கேட்கலாம், கட்டணம் வாங்கலாம், மோசடி என்றால் வழக்குப் போடலாம். அதனால் நடைமுறை இப்படி இருக்கும். முதல் முதலீட்டாளர் கையெழுத்திட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் எஸ்இசி-யிடம் (மத்திய பத்திரச் சந்தை ஆணையம்) 'ஃபார்ம் டி' என்ற அறிவிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு அந்தந்த மாநிலத்தில் முதல் விற்பனை நடந்த 15 நாளுக்குள் அதே படிவத்தை, பெரும்பாலும் மாநிலங்களுக்கான பொது இணையத் தளம் வழியாக, அனுப்ப வேண்டும். டெக்சாஸ் கட்டணம் அங்கே விற்கும் தொகையில் ஆயிரத்தில் ஒரு பாகம், உச்சவரம்பு 500 டாலர்; கலிஃபோர்னியாவில் 300-ஐத் தாண்டாது. நாள் கடந்திருந்தாலும் தாக்கல் செய்துவிடுங்கள். ஃபார்ம் டி தாமதமானதால் மட்டும் 506 விலக்கு பறிபோகாது. ஆனால் மாநிலம் தாமதக் கட்டணம் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்த வாட்ஸ்அப் செய்தி. 506(பி) பிரிவில் பொதுவாக அழைப்பு விடுத்துப் பணம் திரட்டக் கூடாது. முன்பே பழக்கம் உள்ளவர்களிடம் மட்டும் கேட்கலாம். சங்கத்தில் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள்தானே என்பது சட்டத்துக்கு விளங்காது. அந்த இருவரையும் செய்தி போடுவதற்கு முன் உங்களுக்குத் தெரியுமா, அவர்களுடைய பண நிலை தெரியுமா என்றுதான் கேட்பார்கள். பொது அழைப்பை அனுமதிக்கும் 506(சி) பிரிவில், பணம் போடும் ஒவ்வொருவரும் தகுதி பெற்ற முதலீட்டாளராக இருக்க வேண்டும்: ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல் (துணைவரோடு சேர்த்து 3 லட்சம்), அல்லது குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலருக்கு மேல் நிகர மதிப்பு. அதையும் நீங்கள் சரிபார்த்திருக்க வேண்டும். அவர் வாய்வார்த்தை போதாது.

விலக்கு உடைந்தால் என்ன ஆகும்? உங்களோடு மனக்கசப்பு வந்த ஒரு நண்பர், வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். பல மாநிலச் சட்டங்களில் இயக்குநர்களும் சொந்தப் பொறுப்பில் மாட்டுவார்கள். ஆகவே செய்தியை அழிக்காதீர்கள்; அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம். படம் எடுத்து, தேதியோடு, பத்திரச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுங்கள். அந்த இருவருக்கும் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பை முறையாக எழுத்தில் தருவது அவர் சொல்லக்கூடிய வழிகளில் ஒன்று. அதுவரை புதிதாக யாரிடமும் பணம் வாங்க வேண்டாம், சித்தப்பா உட்பட. அமெரிக்காவுக்கு வெளியே விற்பதற்கு வேறு விதி இருக்கிறது என்றாலும், இந்தியப் பக்கம் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற வரம்பை மட்டும் பார்த்து அனுப்பிவிட முடியாது. பட்டியலிடப்படாத வெளிநாட்டு நிறுவனப் பங்கு அங்கே நேரடி முதலீடாகக் கருதப்படும். முதலில் அவருடைய ஆடிட்டரிடமும் வங்கியிடமும் பேசச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அலுவலகமும் ஊழியர்களும் நியூ ஜெர்சியில் இருந்தால், வெளிமாநில நிறுவனமாக அங்கேயும் அனுமதிச் சான்று எடுக்க வேண்டும். அது இல்லாமல், பாக்கி வைத்த வாடிக்கையாளர் மீது அம்மாநில நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது.