எலும்புக்கு எது உறைக்கும்?

கேள்வி: எனக்கு 52 வயது. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் நீந்துகிறேன். ஆனாலும் பரிசோதனையில் இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவு என்று வந்திருக்கிறது. உடற்பயிற்சி பக்கமே போகாத என் அக்காவுக்கு எலும்பு நன்றாக இருக்கிறது. நீந்தியதெல்லாம் வீண்தானா, டாக்டர்?

பதில்: வீண் இல்லை அம்மா. உங்கள் இதயமும் நுரையீரலும் அந்த நீச்சலுக்கு நன்றி சொல்லும். எலும்பு சொல்லாது. உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் இடுப்பெலும்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. விண்வெளியில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம்: பயிற்சி போதாத விண்வெளி வீரர்கள் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இடுப்பெலும்பை இழந்திருக்கிறார்கள்.

சுமைக்கு ஏற்ப எலும்பு தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். எப்படி என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது. எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்னும் செல்கள் புதைந்திருக்கின்றன. அவற்றை இணைக்கும் நுண்ணிய கால்வாய்களில் திரவம் நிரம்பியிருக்கிறது. நீங்கள் ஒரு படி இறங்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, திரவம் நகர்கிறது, செல் அதை உணர்கிறது. உடனே, எலும்பு கட்டும் செல்களைத் தடுத்துவைக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தின் சுரப்பைக் குறைக்கிறது. தடை விலகினால் கட்டுமானம் தொடங்கும்.

அசையாத சுமை இதற்கு உதவாது. திரவம் ஓட வேண்டுமே! சுமை சட்டென்று ஏறி இறங்க வேண்டும். அதற்காக நாள் முழுக்கக் குதிக்கவும் வேண்டாம். 1984இல் ரூபின், லான்யன் என்ற இருவர் பறவைகளின் இறக்கை எலும்பில் சுமை ஏற்றிப் பார்த்தார்கள். நாளுக்கு 4 முறை ஏற்றியதிலேயே எலும்பு தேயாமல் நின்றது. 36 முறை ஏற்றியபோது வளர்ந்தது. 1,800 முறை ஏற்றியும் அதற்குமேல் பலனில்லை. எலும்பு சீக்கிரம் சலித்துவிடும் மாணவன். சில மணி நேர ஓய்வுக்குப் பிறகே மறுபடி காது கொடுக்கும். எனவே ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட, காலையும் மாலையும் சில நிமிடங்கள் மேல்.

இன்னொன்று, சுமை விழும் இடத்தில்தான் பலன். சிறு வயதிலிருந்து ஆடும் டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் மேற்கை எலும்பின் சுவர், மறு கையைவிட மூன்றில் ஒரு பங்கு வரை தடித்திருந்தது. வளரும் பருவத்துக்கு அந்தச் சலுகை உண்டு. நமக்குக் குறைவு, இருப்பதைக் காப்பதே நம் வயதில் வெற்றி.

ஆகவே நீச்சலை விடாதீர்கள். அதோடு மாடிப்படி ஏறுங்கள், எடை தூக்கும் பயிற்சியைச் சேருங்கள். குதிப்பதற்கு முன் முதுகெலும்பில் முறிவு இல்லை என்று உங்கள் மருத்துவர் உறுதி செய்யட்டும். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் எலும்பைக் கரைக்கும். மருந்து தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். மூன்றே மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து மனம் நோகாதீர்கள். ஓரிடத்தில் எலும்பு கரைந்து புதிதாகக் கட்டி முடியவே பல மாதம் பிடிக்கும்.

அக்காவைப் பற்றி என்ன சொல்ல? எலும்பின் உச்ச அடர்த்தியில் பெரும்பங்கு பரம்பரை. அவருக்கு வாய்த்தது, உங்களுக்கு வாய்க்கவில்லை.

கேள்வி: கால் முறிவுக்குப் போட்ட கட்டைப் பிரித்தார்கள். எலும்பு மெலிந்திருக்கிறதாம். பழையபடி ஆகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகும், ஆனால் இழந்த வேகத்தில் வராது. எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு வாரங்கள் போதும். கட்டும் செல்களுக்கு மாதங்கள் வேண்டும். தசை அதற்கு முன்பே தேறிவிடுவதால், கால் சரியாகிவிட்டது என்று தோன்றும். அந்த நம்பிக்கையில் பந்தாட இறங்கிவிடாதீர்கள். எவ்வளவு எடையை எப்போது ஊன்றலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வதைக் கேளுங்கள்.