ஃபைனல் ஃபேன்டசி 6, 7 வீடியோ கேம்கள் இரண்டில் எதை முதலில் ஆடலாம்?

6-ஐ ஆடுங்கள். கதைகளுக்குள் தொடர்பில்லை என்பதால் வரிசை முக்கியமில்லை. இருந்தும் என் தேர்வு அதுதான்.

1994-இல் சூப்பர் ஃபாமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவிக்கு வந்த 6-ஆம் பாகத்தில் தனி நாயகன் கிடையாது. ஆடக் கிடைப்பவர்கள் 14 பேர். பாதியிலேயே வில்லன் கெஃப்கா உலகத்தைச் சிதைத்துவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த 14 பேரில் ஒருத்தியான செலஸ் ஒரு தீவில் கண்விழித்து, சிதறிப்போன தோழர்களைத் தேடிக் கிளம்புகிறாள். யாரை எப்போது தேடுவது என்பது பெரும்பாலும் உங்கள் கையில். அந்தப் பாழ்நிலத்தில் பழைய முகம் ஒன்றைக் காணும்போது வரும் நிம்மதியை வேறெந்தப் பாகமும் எனக்குத் தந்ததில்லை.

1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 7 வேறு ரகம். முப்பரிமாண உருவங்கள், மூன்று குறுந்தகடுகள், கிளவுட் என்ற ஒருவனின் குழம்பிய நினைவுகளைச் சுற்றி ஓடும் கதை. மட்டீரியா கற்களை ஆயுதத்தில் பதித்தால் யாரும் எந்த மந்திரத்தையும் பயன்படுத்தலாம். கற்களை மாற்றி மாற்றிக் கோர்ப்பது சுகம்தான், ஆனால் சண்டையில் ஆட்கள் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். 6-இல் எட்கருக்குக் கருவிகள், சபினுக்குப் பொத்தான்களை வரிசையாக அழுத்திச் செய்யும் அடிகள் என ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வித்தை உண்டு.

இசை இரண்டுக்கும் நோபுவோ உவெமட்சு. 6-இன் ஓபரா காட்சியைக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுங்கள்.